ப்ராப்ளம் பாயும் சிற்றாற்றுப் பாலமும்

அறுபதுகளில் சீசனுக்குக் குற்றாலம் வந்தவர்கள், கடைத்தெருவில் யாரோ யாரையோ "ப்ராப்ளம் பாய்!" என்று கூப்பிடுவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். கூப்பிடுகிறவன் கேலியாகத்தான் கூப்பிடுவான். திரும்புகிற மனுஷருக்குக் கோபமே வராது. நரைத்த தாடி, கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, தோளில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டு. "சொல்லுலே, என்ன ப்ராப்ளம்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். லாட்ஜில் குழாய் ஒழுகினாலும் அவர்தான், மதகுப் பலகை சிக்கிக்கொண்டாலும் அவர்தான். ஒரு திருகாணியை முடுக்கக்கூட அவருக்குக் கை வராது. ஆனால் கேட்கத் தெரியும். எது கெட்டது, எப்போது கெட்டது, இன்னும் என்னவெல்லாம் கெடலாம் என்று கேட்டுக் கேட்டே பாதி வேலையை முடித்துவிடுவார்.

பிறவியிலேயே அப்படி வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது வயது வரைக்கும் அந்த மனுஷர் 'ப்ராப்ளம்' என்ற சொல்லை வாயால் சொன்னதே கிடையாது. அவருடைய பிழைப்பே அதை மறைப்பதுதான்.

பெயர் பீர் மைதீன். தென்காசியில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே குற்றாலத்தில் வெள்ளைக்காரர்கள் சீசனுக்கு வந்து தங்கும் ஒரு பங்களாவில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே பட்லர் ஆனவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க முழுக்கச் சாப்பாட்டு மேஜை இங்கிலீஷ். 'கமிங், சார்.' 'ஆல் ரெடி, சார்.' எல்லாவற்றுக்கும் மேலே, 'வெரி குட், சார்.' அடுப்பங்கரையில் தீப்பிடித்து எரிந்தாலும் மேஜைக்கு வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்க வேண்டும். ஒரு தடவை பெரிய துரைக்கென்று செய்து ஜன்னலோரம் ஆறவைத்த புட்டிங்கை ஒரு குரங்கு தட்டோடு தூக்கிக்கொண்டு பலாமரத்தில் ஏறிவிட்டது. "வேர் இஸ் த புட்டிங்?" என்று துரை மேஜையைத் தட்டுகிறார். "கமிங், சார். வெரி குட் புட்டிங், சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிய பீர் மைதீன், நாலு நேந்திரம்பழத்தை அரிந்து நெய்யில் வாட்டிச் சர்க்கரையைத் தூவிக் கொண்டுபோய் வைத்தார். துரை சாப்பிட்டுவிட்டு அதன் பெயரைக் கேட்டார். அன்றைக்கு வாயில் வந்த 'வெரி குட் புட்டிங்', அப்புறம் பல வருஷம் அந்த பங்களாவில் ஒரு பலகாரத்தின் பெயராகவே நிலைத்தது.

கெட்ட சேதியை அடுப்பங்கரையிலேயே புதைத்துவிட்டால் எல்லோரும் நன்றாக இருப்பார்கள். இதுதான் அவர் கண்ட பாடம். துரைமார் கப்பலேறிப் போனார்கள். பங்களா கைமாறி லாட்ஜ் ஆயிற்று. பீர் மைதீன் அங்கேயே மேஜை போட்டுக்கொண்டு, மார்வாடிக்கும் மதுரைக்காரருக்கும் 'வெரி குட், சார்' சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வீடு சிற்றாற்றுக்கு அக்கரையில், மேலத்தோப்பில். தென்னந்தோப்பு வேலைக்காரர்களும் நெசவுக்காரர்களுமாகக் கொஞ்சம் வீடுகள். கோடையில் கல்மேல் கல்லாகத் தாவி இக்கரைக்கு வந்துவிடலாம். ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் போச்சு. மலையில் கொட்டுகிற மழையெல்லாம் ஆற்றில் வந்து நிற்கும். சுற்றிவரலாமென்றால் வயல் வரப்பெல்லாம் முழங்கால் தண்ணீர். போன வருஷம் ஆடியில் அடுத்த வீட்டு வள்ளித்தாய்க்கு இடுப்புவலி எடுத்தது. இக்கரையில் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா குடையோடு வந்து நிற்கிறார், அக்கரையில் வள்ளித்தாய் கத்துகிறாள், நடுவில் ஆறு. தாய் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

இந்த வருஷம் பீர் மைதீனின் மகள் ராபியா உண்டாகியிருந்தாள். பண்பொழியில் கட்டிக்கொடுத்த பெண். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் என்பது யாரும் மாற்ற முடியாத வழக்கம். கணக்குப் பார்த்தால் சரியாகச் சீசன் நடுவில் வருகிறது. அவர் மனைவி ஹாஜரா பீவி அந்தக் கணக்கைப் பார்த்த நாளிலிருந்து ஆற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் கதவைத் தட்டின மாதிரி அந்தச் சேதி வந்தது. பம்பாயில் வியாபாரம் பண்ணிப் பெரிய ஆளான தென்காசிக்காரர் ஒருவர், பிறந்த மண்ணுக்கு ஒரு நடைபாலம் கட்டித்தர ஆசைப்படுகிறாராம். அவருடைய தென்காசிக் காரியஸ்தர் நம்பிராஜன் லாட்ஜுக்கே வந்து பீர் மைதீனைப் பிடித்தார்.

"என்னவே பாய், உமக்கு இங்கிலீஷ் தெரியுமாமே?"

"ஏதோ, துரைமாரு போட்ட பிச்சை, அண்ணாச்சி."

"பம்பாய்லருந்து எஞ்சினீயர் ஒருத்தர் வாறாரு. பட்வர்தன்னு பேரு. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. இங்கனதான் தங்குதாரு. நீரு கூடவே இருந்து அவரு சொல்லுததை நம்மாளுக்கும், நம்மாளு சொல்லுததை அவருக்கும் சொல்லும்." நம்பிராஜன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு ஞாபகத்துல வச்சிக்கிடும். கீழப்பக்கம் இன்னொரு ஊர்க்காரனும் பாலம் கேட்டு நிக்கான். உங்க எடத்துல ஏதாச்சும் சிக்கல் கிக்கல்னு மொதலாளி காதுல விழுந்துச்சோ, பாலத்தைத் தூக்கி அங்கன போட்டுருவாரு. பார்த்துப் பேசும்."

பார்த்துப் பேசுவதா! அது யாருக்குக் கைவந்த கலை என்று நம்பிராஜனுக்குத் தெரியாது.

பட்வர்தன் வந்தார். ஒல்லியான ஆள், தடிமனான கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பென்சில்கள். துரைமாரைப் போல அதட்டவில்லை. ஆனால் ஓயாமல் கேள்வி கேட்டார். மேலத்தோப்பு ஜனங்களை ஆற்றங்கரையில் கூட்டி வைத்து, வெள்ளத்தில் என்னவெல்லாம் வரும் என்று கேட்டார். பீர் மைதீன் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"மரம் வரும் அண்ணாச்சி! முழுசு முழுசா, வேரோட வரும்!"

"போன ஆடியில வந்த மரம் நம்ம தெரு நீளம் இருந்துச்சே, அதைச் சொல்லுங்க!"

"வாட் ஆர் தே சேயிங்?" என்றார் பட்வர்தன்.

பீர் மைதீன் கூட்டத்தைப் பார்த்தார். நம்பிராஜன் ஓரமாக நின்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவனிடம் பெண்ணுக்கு ஒரு காது மந்தம் என்று யாராவது சொல்வார்களா?

"வெரி ஹாப்பி, சார்," என்றார். "ஃப்ளட் கமிங், ஒன்லி வாட்டர், சார். வெரி குட் வாட்டர். ஃபுல் மூலிகை வாட்டர், சார்."

பட்வர்தன் தலையாட்டிக்கொண்டு எழுதினார். ஜனங்களும் சொல்லியாயிற்று என்று திருப்தியாகக் கலைந்தார்கள். இரண்டு பக்கமும் சந்தோஷம். பட்லர் வேலை என்றால் இதுவல்லவா!

அதற்குப் பிறகு தினமும் சாயங்கால டீ வேளையில் பட்வர்தன் மேஜையிலேயே பாலம் கட்டினார். பேசுவதற்குப் பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் பீர் மைதீனிடமே பேசினார். இரண்டு கண்ணாடி டம்ளரைத் தள்ளித் தள்ளி வைத்து, ரொட்டி அறுக்கும் கத்தியை மேலே படுக்கப்போட்டு, டம்ளருக்கும் டம்ளருக்கும் இடையில் உள்ள தூரத்தை விரலால் அளந்து 'ஸ்பான்' என்றார். கத்திமேல் அவித்த முட்டையை வைத்து 'லோட்' என்றார். கத்திக்குப் பதில் ரொட்டித் துண்டைப் போட்டு, அது முட்டையோடு தொய்ந்து நடுவில் ஒடிந்ததும் 'ஃபெயில்' என்று கைதட்டினார். ஏன் கைதட்டுகிறார் என்று பீர் மைதீனுக்குப் புரியவே இல்லை. முட்டை உடைந்தால் துரைமார் கத்துவார்கள், இந்த ஆள் சிரிக்கிறாரே!

ஒரு சொல் மட்டும் அவருக்கு உடனே பிடிபட்டது. தாங்க வேண்டியதற்கு மேலே கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்படி கட்ட வேண்டும், அதற்கு 'மார்ஜின்' என்று பெயர் என்றார் பட்வர்தன். "ஐ நோ, சார்! ஃபோர் கெஸ்ட் கமிங், சிக்ஸ் பீப்பிள் குக்கிங்!" என்றார் பீர் மைதீன். பட்வர்தன் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அன்றைக்குப் பூராவும் பீர் மைதீன் தரையில் நடக்கவில்லை.

இன்னொரு நாள் பட்வர்தன் சொன்னார், "ப்ராப்ளம் என்ன என்று தெரிந்துவிட்டால் பாதி டிசைன் முடிந்தமாதிரி. ப்ராப்ளமே இல்லாத இடத்துக்கு என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? எனி ப்ராப்ளம் ஹியர், பீர் மைதீன்?"

"நோ ப்ராப்ளம், சார். வெரி குட் பிளேஸ், சார்."

துரைமார் எல்லாரும் இப்படித்தான் பெரிதாகப் பேசுவார்கள், உள்ளதைச் சொல்லிப் பாரும், அப்புறம் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பங்குனியில் ஆறு வற்றிக் கிடந்தபோது நடு ஆற்றில் நாலு கம்புகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். அங்கேதான் கல்தூண் வரப்போகிறது. இரண்டு கரையிலிருந்தும் பாலம் வந்து அந்தத் தூணில் உட்காரும். மறுநாள் வள்ளித்தாய் துணி துவைக்க வந்தவள் அந்தக் கம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாட்ஜுக்குப் போகக் கல் தாவி வந்த பீர் மைதீனை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, நடு ஆத்துல என்னத்துக்குக் கம்பு நட்டிருக்கு?"

"அங்கனதான் தாயி தூணு வருது."

"தூணா?" அவள் கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்தாள். "எம் பிள்ளை போன அன்னைக்கு அந்த எடத்துலதான ஒரு மருதமரம் வேரோட வந்து பாறையில சொருகுச்சு? அதுல வந்து இன்னும் ரெண்டு மரம் சாஞ்சு, தண்ணி கரையேறி நம்ம தெருவுக்குள்ள வந்துச்சே. தூணு நின்னா அதுலயும் வந்து சொருகாதா? அந்த எஞ்சினீயருக்கு இது தெரியுமா?"

பீர் மைதீன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார்.

"அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் சொன்னமே. நீங்க அவருகிட்ட சொன்னியளா?"

அவர் அடுத்த கல்லைப் பார்த்துக் காலை எடுத்து வைத்தார்.

"சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. நான் பேசாம துணியைத் துவைச்சிட்டுப் போயிருதேன்."

நாற்பது வருஷமாக வாய் கூசாமல் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கிய மனுஷருக்கு அன்றைக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கல் தாவிப் போய்விட்டார். மத்தியானம் லாட்ஜில் ஒருவருக்கு வைக்க வேண்டிய குழம்பை இன்னொருவருக்கு வைத்தார்.

அவர் வீட்டுக்கு வரும் முன்பே வள்ளித்தாய் வந்து போயிருக்கிறாள். ஹாஜரா பீவி வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, நீங்க என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய?"

"சொன்னா பாலம் கைவிட்டுப் போயிரும் ஹாஜரா. நம்பிராஜன் அண்ணாச்சி அப்பவே சொல்லிட்டாரு. ராபியாவை நெனச்சுத்தான் நான்..."

"ராபியாவை நெனச்சா?" ஹாஜரா பீவி வாசலை விட்டு இறங்கி வந்தாள். "பாலம் இல்லைன்னா எம் மவ ஆத்துல எறங்க மாட்டா. பாலம்னு ஒண்ணு நின்னா நம்பி நடப்பா. அவ நடக்கும்போது மரம் வந்து மோதுனா? எது மோசம்னு நீங்களே சொல்லுங்க."

இதைவிடத் தெளிவாக எந்த எஞ்சினீயர் சொல்லிவிட முடியும்?

மறுநாள் காலை பட்வர்தன் பலகாரத்துக்கு வந்து உட்கார்ந்தபோது மேஜையில் ரொட்டி இல்லை, முட்டை இல்லை. இரண்டு டம்ளர், மேலே கத்தி, நடுவில் முட்டுக்கொடுத்து உப்பு ஜாடி. கத்திமேல் ஒரு பச்சை முட்டை. பக்கத்தில் பீர் மைதீன் ஒரு முழு நேந்திரங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாட் இஸ் திஸ்?"

"யுவர் பிரிட்ஜ், சார்." காயை மேஜைமேல் வைத்தார். "ட்ரீ, சார். ஃப்ளட் டைம் கமிங். பிக் ட்ரீ." சொல்லிக்கொண்டே உருட்டிவிட்டார். காய் போய் உப்பு ஜாடியில் மோதியது. ஜாடி சாய்ந்து, கத்தி சரிந்து, முட்டை தரையில் விழுந்து உடைந்தது, காயும் உருண்டு கீழே விழுந்தது. உப்பு மேஜை பூராவும் சிந்தியது. பீர் மைதீன் நிமிர்ந்து, ஆயுளில் முதல்தடவையாக ஒரு துரையின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார்.

"ப்ராப்ளம், சார்."

பட்வர்தன் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் சிவந்துவிட்டது. "எத்தனை நாளாக உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! ஜனங்கள் அன்றைக்கே சொன்னார்களா?" என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். பாதிதான் பீர் மைதீனுக்குப் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. வேலை போயிற்று, பாலம் போயிற்று என்று நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "மை டாட்டர், சார். பேபி கமிங். தட் இஸ் ஒய் ஐ சே நோ ப்ராப்ளம், சார். தட் இஸ் ஒய் டுடே ஐ சே ப்ராப்ளம், சார்."

பட்வர்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குனிந்து, மேஜைக்கு அடியில் கிடந்த நேந்திரங்காயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஹவ் பிக்?" என்று கேட்டார். "மரம் எவ்வளவு நீளம்? சொல்."

கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று காலை பலகாரமே நடக்கவில்லை. உப்பு ஜாடியை ஓரமாகத் தள்ளிவிட்டார் பட்வர்தன். நடு ஆற்றில் தூணே கூடாது. அப்படியென்றால் எப்படி நிற்கும்? பீர் மைதீனின் தோளிலிருந்த துண்டை உருவி, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு டம்ளருக்கு மேலாகப் போட்டுத் தொங்கவிட்டுக் காட்டினார் பட்வர்தன். கரைக்கு ஒரு கோபுரம், கம்பி வடம், அதில் பலகை. தொங்குபாலம். துண்டுக்கு அடியில் நேந்திரங்காய் உருண்டு தடையில்லாமல் போயிற்று.

நம்பிராஜன்தான் முறைத்துக்கொண்டு வந்தார். பட்வர்தன் அவரிடம் சொன்னதை பீர் மைதீன் இந்தத் தடவை ஒரு சொல் பிசகாமல் தமிழாக்கினார்: "இந்த எடத்துல ப்ராப்ளம் என்னன்னு தெரிஞ்சு போச்சாம். கீழ்ப்பக்கம் போனா மறுபடி மொதல்லருந்து தேடணுமாம். அதனால இங்கனயே கட்டலாம்னு மொதலாளிக்கு எழுதுதாராம்." நம்பிராஜன், "அது செரிதான்," என்று பொடி டப்பியைத் திறந்தார். இவ்வளவு நாள் எதற்குப் பயந்து செத்தோம் என்று பீர் மைதீனுக்கே வெட்கமாகப் போயிற்று.

ஆனால் வடம் பம்பாயிலிருந்து வர வேண்டும். சீசனோ நெருங்கிக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் டிசைனை முடிக்க, ஜனங்களை மறுபடி கூட்டச் சொன்னார் பட்வர்தன். இந்தப் பாலம் எப்படியெல்லாம் கெட்டுப்போகலாம் என்று கேட்கச் சொன்னார்.

பீர் மைதீன் கேட்டார். ஒரு கிழவர் எழுந்து, "நல்ல காரியம் தொடங்கும்போது அச்சானியமா இப்படியா கேக்கது? பாலம் அறுந்துரும்னு எங்க வாயால சொல்லணுமாக்கும்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்கிற ஜனங்கள். கட்டாத பாலத்தை அவர்கள் வாயால் எப்படி உடைப்பார்கள்? பட்வர்தனுக்கு இதை எப்படி விளக்குவது, அந்தக் கேள்வியை இவர்களிடம் எப்படிக் கேட்பது என்று பீர் மைதீன் தாடியைத் தடவினார். அப்புறம் வள்ளித்தாயைப் பார்த்தார்.

"தாயி, பாலத்தை விடு. உனக்கு அதுல நடக்கதுக்கு என்ன பயம்? அதைச் சொல்லு."

வள்ளித்தாய் எழுந்து நின்றாள். "எனக்குக் காத்துதான் பயம் அண்ணாச்சி. சாரல் நேரத்துல மேல்காத்து மலைச் சந்துக்குள்ளருந்து வந்து ஆளையே தள்ளும். தொட்டில் மாதிரி தொங்குனா ஆடாதா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பயத்தைச் சொன்னால் அச்சானியமில்லையே! தலையில் தேங்காய்க் கூடையோடு வரும்போது எதிரே ஆள் வந்தால் எப்படி ஒதுங்குவது என்று ஒருத்தி. ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் மந்தை பூராவும் ஒரே சமயத்தில் பாயுமே என்று ஒருத்தன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவன் வழவழத்த கையால் பிடித்தால் பிடிகம்பி வழுக்குமே என்று அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும் ஆள். பிள்ளைகள் நடுவில் நின்று ஊஞ்சல் ஆடுமே என்று எல்லோரும். பீர் மைதீன் ஒன்றையும் இனிப்பாக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்வர்தனின் பென்சில் முனை ஒடிந்து, அடுத்த பென்சிலை எடுத்தார். காற்றுக்காக இரண்டு பக்கமும் இழுத்துக்கட்டும் வடங்கள் வந்தது அன்றைக்குத்தான். பிடிகம்பியில் கயிறு சுற்றியதும் அன்றைக்குத்தான்.

வடம் வந்து சேர்ந்தபோது ஆனி பிறந்துவிட்டது. கோபுரங்கள் தயாராக நின்றன. மணல் மூட்டைகளை அடுக்கி பட்வர்தன் டெஸ்ட் பண்ணினார். அவர் மார்ஜினுக்கும் சேர்த்து மூட்டை போடச் சொன்னார். பாலம் தொய்ந்தது, நின்றது. பலகைகளை முடுக்கும் வேலை மட்டும் கொஞ்சம் பாக்கி. ராபியாவை இன்னும் சில நாளில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஹாஜரா பீவி நாள் பார்த்து வைத்திருந்தாள். பிள்ளைக்கு அந்த நாள் பிடிக்கவில்லை. ஒரு காலைப்பொழுதில், மலை முழுக்க மேகம் இறங்கி ஆறு செந்நிறமாகச் சுருண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, வலி எடுத்துவிட்டது.

ஆள் போய் நர்ஸம்மா ரெங்கம்மாளைக் கூட்டிவந்தான். போன வருஷம் இதே கரையில் குடையோடு நின்றவர் அவர்தான். இக்கரையில் பீர் மைதீனும் பட்வர்தனும் காத்துக்கொண்டிருந்த பாலத்தின் வாயில் வந்து நின்றார். காற்றில் பாலம் லேசாக அசைந்தது. அப்போது மேலேயிருந்து ஒரு மரம் வந்தது. வேரும் தூருமாக, தண்ணீரில் புரண்டு புரண்டு, பங்குனியில் கம்பு நட்ட அந்த இடத்தின் வழியாகவே பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. அங்கே தூண் இருந்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்த பீர் மைதீன் பிடிகம்பியை இறுகப் பற்றிக்கொண்டார்.

ரெங்கம்மாள் ஓரடி பின்னால் வைத்துவிட்டார். "அம்மாடி! பாய், நான் ரெண்டு பிள்ளைக்குத் தாய். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லும், வாறேன்."

ஒண்ணும் ஆகாது. நாற்பது வருஷம் சொன்ன சொல், நாக்கு நுனியிலேயே நின்றது. அக்கரையிலிருந்து ராபியாவின் சத்தம் கேட்டது. சொல்லிவிட்டால் முடிந்தது. பட்வர்தன் மழையில் நனைந்தபடி, ஒன்றும் புரியாமல், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலம் ஆடும் நர்ஸம்மா," என்றார் பீர் மைதீன். "நடுவுல போகும்போது வயிறு கூசும். பலகை வழுக்கும், செருப்பைக் கழத்திரணும். அந்தப் பக்கத்துல மூணு பலகை இன்னும் முடுக்கலை, அது எதுன்னு எனக்குத் தெரியும், தாண்டித்தான் வைக்கணும். காத்து பலமா வந்தா நடக்காம உக்காந்துரணும். ஆனா அறுந்து விழாது. நாம ரெண்டு பேருல்ல, நம்ம தெருவே ஏறினாலும் தாங்கும். மூட்டை போட்டுப் பார்த்திருக்கு. நான் முன்னால போறேன், நீங்க எந் துண்டைப் பிடிச்சிக்கிடுங்க."

ரெங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இம்புட்டுக் கெட்டதையும் சொல்லுதீரே, அப்ப விழாதுங்கதும் நெசமாத்தான் இருக்கும்," என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "நடவும்."

நடந்தார்கள். நடுவில் ஒரு தடவை காற்று வந்தது, இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். காற்று போனதும் எழுந்தார்கள். மூன்று பலகையையும் பீர் மைதீன் காலால் தட்டிக் காட்டினார். அக்கரையில் வள்ளித்தாய் கையை நீட்டி நர்ஸம்மாவைப் பிடித்து இறக்கினாள். இறக்கியவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பிறகு வெந்நீர் வைக்க ஓடினாள்.

பகல் சாயும்போது சாரல் கொஞ்சம் விட்டது. பட்வர்தன் பாலத்தைத் தாண்டி வந்து, வீட்டுக்கு வெளியே தென்னையடியில் நின்றார். உள்ளே போய்வந்த பீர் மைதீனைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

"எனி ப்ராப்ளம்?"

"யெஸ், சார்," என்றார் பீர் மைதீன். "த்ரீ பிளாங்க் லூஸ், சார். டவுன் சைட் விண்ட் ரோப் லூஸ், சார். டாட்டர் வெரி டயர்ட், சார். நர்ஸம்மா ஸ்லிப்பர் வெட், வெரி ஆங்க்ரி, சார்."

பட்வர்தன் பென்சிலை எடுத்துப் பலகையையும் வடத்தையும் குறித்துக்கொண்டார். "அண்ட் த பேபி?"

பீர் மைதீன் வாயைத் திறந்தார். தாடியில் தண்ணீர் இறங்கியது, மழைத்தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம். பங்களாவில் ஆயிரம் தட்டு நீட்டிச் சொன்ன அந்தச் சொல்லைக் கடைசியில் சொன்னார்.

"வெரி குட், சார்."

பட்வர்தன் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "ரியலி?"

"கம் அண்ட் ஸீ, சார்," என்று பீர் மைதீன் திரும்பி, "ஏ ஹாஜரா, பிள்ளையை வாசலுக்குக் கொண்டா, எஞ்சினீயர் பார்க்கணுமாம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.